கோழிக்கு மூக்கு வைத்தது

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

உன் கோழிப் பண்ணைக்குப் போய்வந்து எத்தனை முறை குளித்தும் நாற்றம் போகவில்லை. காலமெல்லாம் மனுஷ முகம் வரைந்தவளைக் கோழி வரையச் சொன்னாயே, உனக்கே நியாயமா? நான் கோழியைத் தட்டில்தான் பார்த்திருக்கிறேன். கூண்டுக் கம்பியில் நகம் சுற்றிக்கொண்டு அவை நின்றதைப் பார்த்து வாந்தியே எடுத்துவிட்டேன். பண்ணை அலுவலக வரவேற்பறையில் மாட்டும் படம் முதலாளிக்குப் பிடித்தால்தான் உன்னை மேனேஜராக வைத்திருப்பார் என்றாய். அதற்காகக் கண்ணால் கண்ட கோழிகளை அப்படியே வரைந்து, புல்வெளியில் விட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கு முத்தம்.

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

மானமே போச்சு. படத்தைத் திறந்ததும் முதலாளிக்கு வாயெல்லாம் பல். நானும் கைதட்டினேன். வெளியூர் வியாபாரி ஒருவர்தான் கிட்டே போய், "ஏங்க, புல்லுல மேயிற கோழிக்கு யாருங்க மூக்க வெட்டினது?" என்று சிரித்தார். அப்புறம்தான் பார்த்தேன், எல்லாமே மொட்டை மூக்கு! தினம் பார்க்கிற எனக்கே உறைக்கவில்லை. "உங்கக்காவால வந்த அசிங்கம். சரிபண்ணு, இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோ" என்கிறார் முதலாளி. படத்தை அனுப்பியிருக்கிறேன். மூக்கைக் கூராக்கிக் கொடு.

தம்பி

மார்ச் 22

தம்பி,

கோழி மூக்கே அப்படித்தான் என்றல்லவா நினைத்தேன்! வெட்டினீர்களா? ஏன்?

அக்கா

மார்ச் 27

அக்கா,

நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்திக் கொன்றுவிடும். அதனால் குஞ்சிலேயே மூக்கு நுனியைச் சூட்டுக் கத்தியில் வைத்துத் தீய்த்துவிடுவோம். நொடி வேலை. அந்த வேலையில் என் கை சுத்தம் என்றுதான் பதவியே கொடுத்தார்கள். இதையெல்லாம் கிளறாதே. பிள்ளைகள் முகத்தைப் பார்.

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

படம் இன்று வண்டியில் வருகிறது. அடுத்த தெருவில் அவிழ்த்துவிட்ட கோழி ஒன்று உண்டு. அதன் பின்னாலேயே அலைந்து மூக்கைக் கற்றுக்கொண்டேன். நுனி லேசாக வளைந்திருக்கிறது, வெயில் பட்டால் மினுங்குகிறது. அவ்வளவு அழகு, அதைப் போய்!

எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டேன். உன் வேலை போகாது. ஆனால் இனி உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். அந்தக் கையால் நீ பரிமாறினால் எனக்குச் சோறு இறங்காது. உன்னை நினைத்தாலே குமட்டுகிறது.

என்னை நினைத்தாலும்தான். முதல் கோழிக்குப் பொய் மூக்கு வைத்தபோது அழுதேன். கடைசி வரிசைக்கு வந்தபோது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

பதில் போடாதே.

அக்கா