தறிவீட்டு மேல்ஜன்னல்

14-2-72, திங்கள் காலை

மாமா, கம்மங்கஞ்சி உறியில இருக்கு. சாவி எதிர்வீட்டுச் சௌந்தரம் அக்காகிட்ட. நான் பரளச்சிக்கு அம்மா வீட்டுக்குப் போறேன்.

வீட்டுக்கு வீடு காத்தோட்டம் அளக்கிறவர் பத்து மணிக்குத் திரும்ப வாராராம். மேல்ஜன்னல்கிட்ட ஊதுபத்தியைப் பிடிச்சு, புகை எவ்வளவு சாயுதுன்னு பார்த்து எழுதுவாரு. போன தடவை சாயவே இல்ல. இப்பத்தான் நீங்க இடிச்சு அகலமாக்கிட்டீகளே, சாயும்.

"காத்தடிச்சாத் தறியில பாவு நூல் அறுந்திரும்னு ஜன்னலை அடைச்சேன், கங்குப் புகையில பிள்ளையைக் கொன்னுட்டேன்"னு அவர்கிட்டயும் அழுவாதீக. நீங்க அடைச்ச துணி, நீங்க டவுனுக்குப் போனதுமே காத்துல விழுந்திருச்சு. பிள்ளைக்குக் குளிருமேன்னு தொட்டில்கிட்ட கங்குச் சட்டியை வச்சு, என் சேலைத் துணியால ஜன்னலைத் திரும்ப அடைச்சிட்டுத் தண்ணிக்குப் போனது நான்.

முப்பது நாளா நீங்க தலையில அடிச்சுக்கிட்டு அழுதீக. நான் வாயைத் திறக்கல.

பாலாமணி

படத்துக்கு முன்னால இருக்கிற ஊதுபத்தியை அவருக்குக் கொடுக்காதீக. அது பாப்பாவுக்கு.

சோறு இறங்கலைன்னீகளே. இனிமே இறங்கும், கஞ்சியைக் குடிங்க.