மரம் 41 முதல் 45 வரை

ஜன. 19, திங்கள்

காலையில் கெட்டியான பனி. ஜெனரல் ஷிப்ட். ஸ்கூட்டர் சீட்டில் ஈரத்தோடு கொக்கு எச்சமும். துடைத்தேன், கிளம்பினேன். இதற்காக யாரும் செத்துவிட மாட்டார்கள்.

எதிர்வீட்டு பாலகிருஷ்ணனுக்கு அது புரியாது. புதுக் காரை மரத்தடியில்தான் நிறுத்துவார். "எத்தனை தடவை சார் கழுவறது? ஆபீஸ்ல சொல்லி மரத்தையே மொத்தமா எடுத்துறணும்." மொத்தமா எடுக்க இது என்ன, பரண் சாமானா?

போன வாரம் ரெண்டு தெரு தள்ளிக் கிளை கழித்தார்கள். ரோடெல்லாம் குஞ்சு. இங்கே வருவதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும் என்று மூன்று நாளாக எண்ணி வைத்திருக்கிறேன். எங்கள் ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரங்கள் ஐந்து. அடிமரத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர் இருக்கிறது. கூடுகள்:

41 – வக்கா (இராக்கொக்கு) 14
42 – வக்கா 9, வெள்ளைக்கொக்கு 6
43 – நீர்க்காகம் 11
44 – வக்கா 17 (நாலில் குஞ்சு கத்துகிறது)
45 – கலந்து 8

மனு எழுதி, ரோடு படம் போட்டு, நம்பரைச் சுற்றி வட்டம் போட்டு, பங்குனி வரை இந்த மரங்களைத் தொட வேண்டாம் என்று கேட்டு, லஞ்சில் நகரிய ஆபீஸ் புகார் கவுன்ட்டரில் கொடுத்தேன். அங்கே இருந்த பெண் கம்ப்யூட்டரில் தேடு தேடென்று தேடினாள். தண்ணீர், கரென்ட், கதவு, சாக்கடை, மரம். கூட்டைக் காப்பாற்ற என்று ஒன்றும் இல்லை.

"பறவைத் தொல்லைனு ஒண்ணு இருக்கு சார். அதுல போட்டுடறேன். மனுவை ஸ்கேன் பண்ணிச் சேத்துடறேன், மேல படிச்சுப் பாப்பாங்க."

சரி என்றேன். நானே சரி என்றேன்.

வாங்க: கொசுவத்தி, விஜயாவின் மூட்டுவலித் தைலம். ரிட்டயர்மென்ட் பேப்பருக்கு போட்டோ எடுக்கணும். மே வருவதற்குள் எல்லாம் ரெடியாக இருக்கணும்.

ஜன. 20, செவ்வாய்

பனி குறைவு. போனுக்குப் புகார் எண் வந்துவிட்டது. 'ஏற்கப்பட்டது, நடவடிக்கையில்.' ஒரே நாளில்! போன வருஷம் பாத்ரூம் குழாய்க்கு மூன்று வாரம் நடந்தேன். விஜயாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள்.

"தொல்லைனு போட்டா தொல்லைனுதானே படிப்பாங்க?"

மனுவைப் படிப்பார்கள், மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன் என்றேன். வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

ஜன. 22, வியாழன்

முதல் ஷிப்ட். வெயில். எழுத்து கோணலாக வருகிறது.

ரெண்டே முக்காலுக்குத் திரும்பினால் ரோட்டில் அவ்வளவு வெளிச்சம். வேறு தெருவில் திரும்பிவிட்டேனோ என்று நினைத்தேன். 41 இல்லை. 42 இல்லை. 43 பாதி, கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ரோடு முழுக்கக் குச்சி, மீன் நாற்றம், உடைந்த முட்டை. வெளிறிய பச்சை நிற ஓடு. குஞ்சுகளை எழுத மாட்டேன்.

விஜயா மரத்தடியில் நின்றிருந்தாள். பதினொரு மணியிலிருந்து கத்தியிருக்கிறாள். ரம்பம் ஓடுகிற சத்தத்தில் யார் காதில் விழும். எனக்குப் பத்து முறை போன் அடித்திருக்கிறாள். கன்ட்ரோல் ரூமில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகணும்.

44-க்கு அடியில் போய் நின்றுகொண்டு, யார் வெட்டச் சொன்னது என்று கத்தினேன். கான்ட்ராக்ட் ஆள்களில் மூத்தவர் ஏழுமலை, சேத்தியாத்தோப்புப் பக்கம். தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா சார் எங்களப் போயி கேட்டுக்கினு? நீங்கதான எழுதிக் குடுத்தீங்க."

பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டினார். என் கையெழுத்து. என் படம். நம்பரைச் சுற்றி நான் போட்ட வட்டம். முதல் பக்கத்தை விட்டுவிட்டு லிஸ்டையும் படத்தையும் மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு: பறவைத் தொல்லை, மரங்கள் ஐந்து.

"கூடு எத்தினினு வேற போட்டிருந்திச்சா, அதான் தொல்லை ஜாஸ்தி போலன்னு நினைச்சுக்கினோம்."

நானாகவே லிஸ்ட் போட்டு, மேப் போட்டு, நாற்பது கூட்டைக் கொன்றிருக்கிறேன்.

43 விழுந்ததோடு இன்றைக்கு நிறுத்தினார்கள். ஏழுமலை கிளைக் குவியலைக் கிளறி, உயிரோடு இருந்த ரெண்டு வக்காக் குஞ்சைத் துண்டில் முடிந்துகொண்டு 44-ல் ஏறினார். கூட்டுக்கு ஒன்றாக வைத்துவிட்டு இறங்கினார். "எதுனா ஒண்ணு ஊட்டும் சார். ஊட்டலன்னா நாம இன்னா பண்றது." நாளைக்கு வந்துதான் ஆகணும், வேலைச் சீட்டு முடியல என்றும் சொன்னார்.

வனத்துறை ஆபீசுக்கு போன். நாலாவது தடவை எடுத்தார்கள்.

"பறவை இப்ப மரத்துல இருக்குதுங்களா?"
"மரமே இல்லைங்க."
"அப்ப எப்படிங்க பாக்கறது?"
"முட்டை ரோட்டுல கிடக்குது."
"எதையும் தொடாதீங்க. வந்து பாக்கறோம்."

தொடவில்லை. காக்கை தொட்டது. நாய் தொட்டது. இருட்டுவதற்குள் சாட்சியம் முழுவதையும் தின்று முடித்துவிட்டன.

ஜன. 23, வெள்ளி

லீவு போட்டேன். கவுன்ட்டர் திறக்கும் முன்பே நின்றேன். புகாரை ரத்து செய்யுங்கள் என்றேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. அழுதிருந்தாள் போல. திட்டலாம் என்றுதான் போனேன், முடியவில்லை.

ரத்து என்று ஒன்று இல்லையாம். 'நிலுவை' அல்லது 'முடிந்தது', ரெண்டே ரெண்டுதான். நிலுவையில் இருக்கும்வரை ஆள் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். மூன்று நாள் தாண்டினால் மேலே கேட்பார்கள், ரெண்டு டீமாக வரும். புகார் கொடுத்தவர் சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் முடியும். நகரியத்தில் எல்லோருக்கும் தெரிந்த சீட்டு. குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும், ஆளை அனுப்ப வேண்டுமே என்று கையெழுத்துப் போடுவோம். இருபத்தெட்டு வருஷமாகப் போட்டிருக்கிறேன்.

பெரிய அதிகாரி? டூரில். எப்போது வருவார்? 26-ம் தேதி கழித்து.

வீட்டுக்கு வந்தால் ரம்பம் 44-க்கு அடியில் தயார். ஏழுமலை என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சார், சீட்டுல எத்தினி மரம்னு இல்ல, பாத்துக்கங்க. வேல முடிஞ்சிச்சினுதான் இருக்குது. நீங்க போட்டுக் குடுத்தா நாங்க சாமானத் தூக்கிக்கினு போயிடுவோம்."

சீட்டில் அச்சடித்திருந்தது: 'வேலை எனக்குத் திருப்தி அளிக்கும் விதத்தில் முடிக்கப்பட்டது.' கீழே மூன்று கட்டம், நன்று, சுமார், மோசம். மோசம் போட்டால் திரும்ப வந்து செய்வார்கள். நன்று என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கையெழுத்தும் போட்டேன். பேனாவை அங்கேயே எறிந்துவிட்டேன். விஜயா பொறுக்கி வந்து மேஜை மேல் வைத்திருக்கிறாள்.

ஜன. 24, சனி

பாலகிருஷ்ணன் காலையில் கை கொடுக்க வந்தார். "நான் ஒரு வருஷமா சொல்றேன், அசையலை. நீங்க மூணே நாள்ல முடிச்சிட்டீங்களே சார்!" கதவைச் சாத்தினேன்.

43-ன் நீர்க்காகங்கள் இன்னும் போகவில்லை. மரம் இருந்த இடத்துக்கு மேலே வட்டமடித்துவிட்டு கரென்ட் கம்பியில் உட்காருகின்றன. நான் போய் உள்ளே உட்கார்ந்துகொண்டேன். பார்க்க யோக்கியதை இல்லை.

கேஸ் புக் பண்ணணும். தைலம் வாங்கவில்லை.

ஜன. 26, திங்கள்

கொடியேற்றம், மிட்டாய். வன ஆபீசுக்கு மறுபடி போன். இன்றைக்கு லீவு என்று சொல்வதற்கு ஒருவர் டூட்டியில் இருந்தார்.

44-ல் குஞ்சுச் சத்தம். ஏழுமலை வைத்த ரெண்டில் ஒன்று விளிம்பில் நிற்கிறது. மற்றது தெரியவில்லை.

ஜன. 28, புதன்

லேசான தூறல். ஒருவழியாக வனக்காப்பாளர் வந்தார். மோட்டார் சைக்கிள். ஜீப் வடலூர் தைப்பூச ஏற்பாட்டுக்குப் போய்விட்டதாம். மூன்று அடிக்கட்டையையும் அளந்தார். எதற்கு என்று தெரியவில்லை. பிறகு என் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து காகிதங்களைப் புரட்டினார். கவுன்ட்டரில் மொத்தத்தையும் வாங்கி வந்திருக்கிறார்.

"புகார் நீங்க. லிஸ்ட் நீங்க. திருப்தினு கையெழுத்தும் நீங்க. கேஸ் போட்டா முதல் பேரு உங்க பேருதாங்க வரும்."

மனுவைக் காட்டினேன். படித்தார், தலையை ஆட்டினார். "புரியுதுங்க. கோர்ட்டுல சொல்லிக்கலாம். ஆனா எதுக்கு? பறவை எதுவும் இல்லைனு ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்க, இன்னிக்கே முடிச்சிடலாம். உங்களுக்கும் நல்லது."

நல்லதுதான். மே மாதம் ரிட்டயர்மென்ட். பெயரில் கேஸ் இருந்தால் ஒரு பேப்பர் நகராது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

கதவருகில் நின்ற விஜயா கேட்டாள்: "கேஸ் போட்டா மிச்ச ரெண்டு மரம் என்ன ஆகும்ங்க?"

"ஒரே பறவைக் கூட்டம்தானேம்மா, அதுவும் கேஸ்ல சேரும். முடியறவரை யாரும் கை வைக்க முடியாது."

"எப்ப முடியும்?"

அவர் சிரித்தார். "நம்ம கேஸா? எட்டு வருஷம், பத்து வருஷம். சொல்ல முடியாது."

நான் விஜயாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, 44-ஐப் பார்த்துக்கொண்டிருந்தாள். போடுங்க சார் என்றேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. ஃபாரம் கொண்டுவரவில்லை என்றார். காத்திருக்கிறேன், போய் எடுத்து வாருங்கள் என்றேன். ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்து வந்தார். கூடுகள் அறுபது சொச்சம் என்று குத்துமதிப்பாக எழுதப் பார்த்தார், லிஸ்ட்படி 65 என்று சரியாகப் போட வைத்தேன். விஜயா அவருக்குக் காபி கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் வாசலுக்கு வந்த எந்த அதிகாரிக்கும் அவள் காபி கொடுத்ததில்லை.

44, 45 இரண்டிலும் சிவப்புப் பெயின்ட்டில் கேஸ் நம்பர்.

பயமாக இருக்கிறது. எழுதி வைக்கிறேன், பயமாகத்தான் இருக்கிறது.

ஜன. 30, வெள்ளி

முதல் ஷிப்ட். பனி இல்லை. பாலகிருஷ்ணன் காரை 44-க்கு அடியில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார், மிச்ச நிழல் அங்கேதானே. கூரை முழுக்க எச்சம். என் ஸ்கூட்டரை மறித்தார்.

"ரெண்டை மட்டும் ஏன் சார் விட்டீங்க? இதுக்கும் ஒரு மனு போட்டுருங்களேன்."

"முடியாது. கேஸ்ல இருக்கற மரம்."

"கேஸா? யார் மேல?"

"என் மேலதான். காரை எடுங்க."