கியர்க் கம்புக்குக் கீழ இருக்கிறது

இயேசு மரி சூசை துணை

ஸ்கீவ, டென்மார்க்,
தை 19

அன்பு மகன் ஜெனிஸ்ரனுக்கும் மருமகள் மரினாவுக்கும்,

அம்மா எழுதிக்கொள்ளுறது. நீங்கள் ரெண்டுபேரும் மரினாவின்ர வயித்தில இருக்கிற குஞ்சும் சுகமாயிருக்கவேணும் எண்டு மடுமாதாவைக் கேட்டுக்கொண்டுதான் பேனையை எடுத்தனான். நாங்களும் சுகம் எண்டு எழுதிறது வழக்கம், எழுதிறன், ஆனா அது முழு உண்மை இல்லை. அப்பாவுக்குப் பிறஷர் ஏறிக்கிடக்கு, எனக்கு மூண்டு நாளா நித்திரை இல்லை, ஏனெண்டு கீழ சொல்லுறன். முதல்ல ஒண்டு. இதை வாசிச்சு முடியுமட்டும் உங்கட கார்த் திறப்பைத் தொடாதை. டேய், சிரியாதை, பகிடி இல்லை.

இந்தக் காலத்தில என்ன கடிதம் எண்டு கேப்பாய். நத்தாருக்கு அடுத்தநாள் நடந்த சண்டைக்குப் பிறகு எங்கட நம்பர் ரெண்டையும் நீ புளொக் பண்ணி வைச்சிருக்கிறாய். மரினா என்ர வொய்ஸ் மெசேச் ஒண்டையும் திறக்கிறேல்லை, நான் விடியக்காலமை அனுப்புற செபமாலை எண்டு நினைச்சு விட்டிருப்பா, அவவில பிழையில்லை, நானும் ஒருநாள் விடாமல் அனுப்பினனான்தானே. கராச்சில வேலை செய்யிற எங்கட கோயில்கார சுஜிந்தன்ர போனில இருந்தும் அடிச்சுப் பாத்தம், தெரியாத நம்பர் எண்டு எடுக்கிறாயில்லை. இஞ்ச றோட்டில நிண்ட சிவப்புத் தபால்பெட்டியளையும் கழட்டிக்கொண்டு போட்டாங்கள், கடையிலதான் கொண்டுபோய்க் குடுக்கவேணும், நாலைஞ்சு நாளில வந்திடுமாம். அதுக்கிடையில மரினாவுக்குப் பிள்ளைப்பெறு நோ வந்திடக்கூடாது எண்டதுதான் என்ர பயம் எல்லாம்.

சண்டை எதில தொடங்கினது எண்டு நினைவிருக்கோ. காலமையில கியர் விழுகுதில்லை, கம்பைத் தள்ளத் தள்ள நியூற்றலிலேயே நிக்குது, பத்துத்தரம் ஆட்டினாப்பிறகுதான் போகுது எண்டு சொன்னாய். சொல்லிப்போட்டு, அம்மா நீங்கள் இதுக்குள்ள ஏதும் வைச்சனீங்களோ எண்டு கேட்டாய். நீ கேட்டது நியாயம், உன்ர முதல் காரில காத்து வாற ஓட்டைக்குள்ள நான் வைச்ச அந்தோனியார் சுருவம் உள்ள விழுந்து சிக்கினதை நீ மறப்பியோ. ஆனா எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்திட்டுது. பெத்த தாயைச் சந்தேகப்படுறியோ எண்டு அழுது, மாதாவறிய, பிறக்கப்போற பிள்ளையின்ர தலையில அடிச்சு நான் ஒண்டும் வைக்கேல்லை எண்டு சத்தியம் பண்ணினன். நீ டெனிஷில ஏதோ சொல்லிப்போட்டுப் போனை வைச்சிட்டாய். எனக்கு விளங்காதெண்டு நினைச்சனியாக்கும். முப்பது வருசமா டெனிஷ் கிழவியளைக் குளிப்பாட்டி உடுப்பு மாத்திற எனக்கு விளங்காதோ, என்ர பிள்ளையை உங்கட சத்தியத்துக்குள்ள இழுக்காதேங்கோ எண்டு சொன்னாய். அது இன்னும் காதுக்குள்ள நிக்குது.

இனி எங்கட கதையைக் கேள். எங்கட காரும் நீ நோர்வேக்குக் கொண்டுபோன உன்ர காரும் இஞ்ச வைலேயில ஒரே நாள் ஒரே இடத்தில எடுத்தது, ரெண்டும் கிளச் பெடல் இல்லாத அரை ஓட்டோமற்றிக். போன கிழமை எங்கட காரும் அதே கூத்தைத் தொடங்கினது. அப்பாவைத் தெரியும்தானே, பைக்டரியில மெசினோட மாரடிச்ச மனுசன், விடுவாரோ. பற்றறி இறங்கினா கியர் விழாதெண்டு பற்றறியை மாத்தினார். பிறேக் மிதிச்சது காருக்குத் தெரியாட்டியும் விழாதாம், அதுக்கு என்னைப் பின்னால பனிக்குள்ள நிக்கவைச்சு லைற் எரியுதோ எரியுதோ எண்டு கத்தினார், வடிவா எரிஞ்சது. எண்ணெய் பாத்தார், அதுவும் சரி. சுஜிந்தன் கொம்பியூட்டர் பூட்டிப் பாத்தார், கம்பு எந்த இடத்தில நிக்குதெண்டு காருக்குத் தெரியேல்லை எண்டு காட்டினதாம். அந்தச் சொல்லோட எனக்குச் சந்தேகம் வந்திட்டுது. எண்டாலும் வாயைத் திறக்கேல்லை, வெட்கம். கழட்டிப் பாக்க வெள்ளிக்கிழமை கொண்டாங்கோ எண்டு சுஜிந்தன் சொன்னவர்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அங்கதான் போனம். றெயில் கடவையில முன்னால போன ட்ரக்டர் சுணங்க அப்பா தண்டவாளத்துக்கு மேல வைச்சு பிறேக் பிடிச்சிட்டார். அவ்வளவுதான், கார் தன்ரபாட்டில நியூற்றலுக்குப் போட்டுது. தள்ளுறார், இழுக்கிறார், எஞ்சின் கத்துது, சில்லு அசையேல்லை. மணி அடிக்கத் தொடங்கீட்டுது. இறங்கு இறங்கு எண்டு கத்தினார், என்ர முழங்காலுக்கு நான் எங்க இறங்கிறது, பெல்ற்றோட மல்லுக்கட்டுறன். பின்னால வானில வந்த ஒரு டெனிஷ்காரன் ஓடிவந்து அப்பாவோட சேந்து தள்ளினான், நான் உள்ளுக்க இருக்க இருக்க. மற்றப்பக்கம் போய் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி முடியேல்லை, றெயின் கடந்து போட்டுது. கார் முழுக்க நடுங்கினது.

சுஜிந்தன் கட்டி இழுத்துக்கொண்டுபோய் கம்பைச் சுத்தியிருக்கிற தோலைக் கிளப்பினார். உள்ளுக்க கிழிஞ்ச துணிப் பொட்டலம். மடுமாதா கோயில் மண். நான் வைச்சது. கிறீஸோட சேந்து சேறாகி, கம்பு நிக்கிற இடத்தைக் காருக்குச் சொல்லுற துண்டுக்குள்ள எல்லாம் இறங்கிக் கிடந்தது. சுஜிந்தன் நிலத்தைப் பாத்தார், அப்பா என்னைப் பாத்தார். உப்புக் கூடினாலும் வீட்டை இரண்டாக்கிற மனுசன் அந்தக் கிழிஞ்ச துணியை என்ர கையில வைச்சிட்டு வெளிய போட்டார். இண்டைக்கும் கதைக்கேல்லை.

மகன், உன்ர காருக்குள்ளயும் அது இருக்கு. வைலேயில நீயும் அப்பாவும் விக்கிறவனோட கோப்பி குடிச்சுக்கொண்டு நிக்கேக்க ரெண்டு காருக்கும் வைச்சனான். செபமாலையைத் தொங்கவிட்டா றோட்டை மறைக்குதெண்டு கழட்டுவாய், தட்டுக்குள்ள வைச்சாத் துடைச்செடுப்பாய், உன்ர கண் படாத இடம் அதொண்டுதான். மன்னாரில எங்கட ஆக்கள் பாம்பு அண்டாமல் வீட்டில வைச்சிருக்கிற மண், நோர்வே மலையில என்ர பிள்ளையைக் காக்கும் எண்டு நம்பினன். இப்பவும் மண்ணில பிழை சொல்லமாட்டன், ஒளிச்ச கையிலயும் பொய்ச் சத்தியம் பண்ணின நாக்கிலயும்தான் பிழை. என்னை மன்னிச்சாலும் சரி, மன்னிக்காட்டியும் சரி, அந்தக் காரை எடுக்காதை. ஆஸ்பத்திரிக்கு ஒண்டரை மணித்தியாலம், ரெண்டு மலைக் குகை எண்டு நீதானே சொன்னனி. அந்த இருட்டுக்குள்ள, பின்னால லொறி வர, கார் நியூற்றலில நிண்டா என்ன செய்வாய். பொட்டலத்தை எடுத்தாப்போல போதாதாம், கழட்டிக் கழுவிப் பூட்டவேணுமாம், தெரிஞ்சவனிட்டக் குடு. அதுமட்டும் நோ கண்டா அம்புலன்ஸுக்கு அடி, இல்லாட்டி அயலட்டையைக் கேள்.

மரினா பிள்ளை, காலைத் தொங்கப்போடாமல் இரு, சுடுதண்ணி குடி. மாதா உங்களை மூண்டுபேராக் காக்கட்டும். நான் பண்ணின சத்தியத்துக்கு வாறது எதெண்டாலும் என்ர தலையில வரட்டும், குஞ்சின்ர தலையில வேண்டாம்.

ஒட்டின கடிதத்தைத் திரும்பப் பிரிச்சு இதை எழுதிறன். ஜெனி, நத்தாருக்கு நான் அனுப்பின பிள்ளைச் சீற்றிலயும் ஒண்டு இருக்கு. பெல்ற் கொழுவிற பூட்டுக்கு அடியில, மெத்தைக்குள்ள தைச்சு வைச்சனான். அப்பாவுக்கும் தெரியாது. பூட்டு விழுந்த சத்தம் கேட்டாலும் நம்பாதை, அந்தச் சீற்றில பிள்ளையை இருத்தாதை.

இப்படிக்கு,
இனி ஒளிக்க ஒண்டும் இல்லாத அம்மா,
அ. விக்ரோரியா