பண்ணைப் பாலத்துக்கு ஒரு சைலன்சர்

3 யூலை 1974, புதன்

புளியங்கூடல். காலையிலிருந்தே சோழகக் காற்று ஊளையிடுகிறது. கொடியில் போட்ட சேலை இரண்டும் பக்கத்து வீட்டு வளவில். கிணற்றுக் கப்பி எண்ணெய் கேட்கிறது. நாளைக்கு.

பெரிய எஞ்சின் நேற்று என் மைனர் காருக்குள் இறங்கிவிட்டது. பனையில் மோதி நசுங்கிய வேறொரு காரினுடையது. வேலணையில் கார் கராச் வைத்திருக்கும் பேரின்பம் இரண்டு கிழமை மல்லுக்கட்டினான். இந்தச் சின்னப் பெட்டிக்குள் இவ்வளவு பலமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஆனால் பழைய சைலன்சர் இதற்குப் போதாது. வேகம் கொடுத்தால் புகை வெளியேற வழியில்லாமல் மூச்சு முட்டுகிறது. புதுச் சாமான் இறக்குமதி இல்லை. தெரிவு இரண்டு:

பெ. – கழித்துவிட்ட லொறி ஒன்றின் சைலன்சர். பெரிசு. என் தொடை அளவு தடிப்பு.
ந. – பேரின்பம் தகட்டில் உருட்டித் தருவது. நடுத்தரம்.

மாமி மருமகனான என்னோடு நேரே பேசமாட்டார். ஆட்டிடம்தான் சொல்வார். இன்றைக்கும் ஆட்டிடம்: "ஓடுற காரைக் கழட்டிப்போட்டு நிக்குது ஒரு பிறவி. என்னத்துக்கடி?"

என்னத்துக்கென்று அவருக்கும் தெரியும். முதல் பிள்ளைக்கு என் மனைவி மலரை யாழ்ப்பாண ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகையில் பண்ணைப் பாலத்தின் நடுவில் கார் நின்றது. இரண்டு பக்கமும் கடல். தள்ளினேன், தள்ளினேன். பிள்ளை தங்கவில்லை. இப்போது மறுபடி எட்டாம் மாதம். இம்முறை கார் நிற்காது.

5 யூலை, வெள்ளி

புழுதி. கண் இரண்டும் சிவப்பு.

காரில் பெ.வைப் பூட்டினோம். ஸ்ரார்ட் கொடுத்ததும்... எப்படி எழுத? ஒழுங்கையின் இரு பக்க ஓலை வேலியும் சேர்ந்து அதிர்ந்தது. கோழிகள் குசினிக்குள். பேரின்பம் வாய் திறந்தபடி. நானும்தான். நான் முறுக்கிய இரும்பா இப்படிப் பேசுகிறது?

பாலத்தில் யாழ்ப்பாணப் பக்கமாக ஓட்டம். மண்டைதீவுச் சந்தியில் வலை திருத்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். முதுகு கார்ச் சீற்றோடு ஒட்டிக்கொண்டது. என்ன வேகம், கடவுளே.

யாழ்ப்பாணத்தில் அதைக் கழற்றி, ந.வைப் பூட்டி, அதே பாலத்தால் திரும்பினோம். பேரின்பம் கையில் மணிக்கூடு. ந. நன்றாகப் பிந்திவிட்டது. சத்தமும் சும்மா முனகல்.

"பிறகென்ன, பெரிசுதான்," என்றான். "ஓம்," என்றேன். இரண்டு பேரும் ராசாக்கள் மாதிரி நின்று சோடா குடித்தோம்.

வாங்க: மண்ணெண்ணெய், வெங்காயம், மலருக்குத் தோடம்பழம்.

7 யூலை, ஞாயிறு

மீன் வாங்க மண்டைதீவு. சூசை அண்ணை விளைமீன் வைத்திருந்தார். எங்கள் வீரத்தை விளாசினேன். பொறுமையாகக் கேட்டார்.

"போகேக்கை பெரிசு, வரேக்கை மற்றதோ?"

"ஓம் அண்ணை."

"தம்பி, போகேக்கை சோழகம் உம்மடை முதுகிலை. வரேக்கை முகத்திலை. நீர் சோதிச்சது சைலன்சரையோ, காத்தையோ?"

கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். தீவில் பிறந்து காற்றை மறந்தவன் நான் ஒருவன்தான். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டால் காற்றே இல்லை என்று நினைத்தேனாக்கும். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. மீன் நல்லது.

8 யூலை, திங்கள்

இரண்டையும் எதிர்க்காற்றில் ஓட்டினோம். ந. முந்திவிட்டது.

பெ. மெதுவான ஓட்டத்திலிருந்து எழும்பச் சோம்பல். விரட்டினால்தான் வருகிறது. குழிக் கிடங்கும் கல்லுமான அந்தப் பாலத்தில் எங்கே விரட்ட?

"புகைக்கு வழி குறைஞ்சாலும் ஏலாது, கூடினாலும் ஏலாது போல," என்றான் பேரின்பம். அவனுக்கும் ஆச்சரியம்தான். குழாய் பெருத்தால் பலம் குறையும் என்று யார் நினைத்தது? வெறும் ஓட்டைக்குள் இவ்வளவு கணக்கு.

ஆனாலும் பெ.வின் அந்தச் சத்தம். மனம் விடவில்லை. மறுபடி அதையே பூட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

10 யூலை, புதன்

மலரை முன் சீற்றில் ஏற்றி ஒழுங்கை முனை வரை ஓட்டம். வேலி அதிர்ந்தது. அவள் முகம் வெளிறியது.

"இஞ்சேருங்கோ, நிப்பாட்டுங்கோ. பிள்ளை அசையேல்லை."

நிறுத்தினேன். அவள் கைக்குப் பக்கத்தில் என் கை. ஒன்றுமில்லை. ஓலைக்குள் காற்று மட்டும். பிறகு ஓர் உதை. சின்னது. நேரே என் உள்ளங்கையில்.

அழுதேன். மலர் பார்த்தால் பார்க்கட்டும்.

பின்னேரம் ந. பூட்டி, மெல்ல வேலணை வரை போய் வந்தோம். வழி முழுக்க உதை.

"உங்கடை பிள்ளைக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

"அது சொல்லுதோ, நீர் சொல்லுறீரோ?"

"ரண்டு பேரும்தான்."

வெளிச்சமே பார்க்காத ஒன்று. அதற்குக் காது இருக்கிறது, பயம் இருக்கிறது, விருப்பம் இருக்கிறது. நினைக்க நினைக்க மயிர்க்கூச்செறிகிறது. லொறிச் சைலன்சர் கொட்டிலுக்குப் பின்னால் போய்விட்டது.

கப்பிக்கு எண்ணெய் விட்டாயிற்று.

9 ஓகஸ்ட், வெள்ளி

மத்தியானம். வெயில். சோறு போட்டுக்கொண்டிருக்கையில் மலருக்கு நோவு. மாமி அகப்பையோடு என் முகத்தைப் பார்த்து, நேரே: "தம்பி, காரை எடுங்கோ."

பாலம். மலர் பின் சீற்றில், மாமியின் மடியில் தலை. அன்றைக்கு நின்ற இடம் வந்தபோது என் கால் தயங்கியது. எஞ்சின் தயங்கவில்லை. கிடங்குக்கு மெதுவாக்கி மறுபடி வேகம் கொடுக்கக் கொடுக்க இழுத்துக்கொண்டே போனது. கும்பிடலாம் போலிருந்தது.

மலரை உள்ளே கொண்டுபோனார்கள். மாமியும் கூட. நான் வார்ட்டு ஜன்னலுக்குக் கீழே, காருக்குள். எஞ்சினை நிறுத்தவில்லை. பெற்றோல் விற்கிற விலைக்குப் பைத்தியக்காரத்தனம், தெரியும். நிறுத்தினால் உள்ளேயும் ஏதோ நின்றுவிடும் என்ற பயம். சாவியில் கை வைத்தபடி இருந்தேன்.

நேர்ஸ் ஒருவர் விறாந்தைக்கு வந்தார்.

"சிவமலரின்ரை ஆள் நீரோ?"

"ஓம்."

"முதல்லை உந்தக் காரை நிப்பாட்டும். பிள்ளை கத்துறது கேக்கேல்லையோ?"

நிறுத்தினேன். கேட்டது.