ஆள் இரண்டு, சைக்கிள் ஒன்று

கோலியர்ஸ் வுட், லண்டன்
செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் கீர்த்தனனுக்கு,

நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் விதுஷாவும் மெல்பேர்னில் சுகமாக இருக்க வேண்டுமென்று கடவுளை வேண்டிக்கொண்டுதான் தொடங்குகிறேன். ஆனால் இந்த இரண்டு வரியோடு என் நல்ல குணம் முடிந்துவிட்டது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். டெலிபோனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். டெலிபோனில் நீ ஓம் அப்பா ஓம் அப்பா என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் வேறு வேலை பார்ப்பாய், எனக்குத் தட்டும் சத்தம் கேட்கும். அம்மாவின் முழங்காலுக்கு ஊசி போட்டார்கள், இப்போது படி ஏறுகிறார், ஆனால் இறங்கும்போது என்னைத் திட்டிக்கொண்டு இறங்குகிறார். பாயிலர் மறுபடியும் பழுது. திருத்த வந்தவன் பார்த்து, தலையை ஆட்டி, ஒரு தேநீரும் குடித்துவிட்டுப் போய்விட்டான். விதுஷா இரும்புச் சத்துக் குளிசையை ஒழுங்காகப் போடுகிறாளா என்று அம்மா கேட்கச் சொன்னார், கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் புத்தகத்தின் அச்சுக்கு முந்தைய படி போன செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது. அம்மா அதைச் சாமித் தட்டில் வைத்துப் பூப்போட்டார். நான் எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தேன். 'பதிவேட்டில் இருப்பதை மட்டும் நம்பு என்று எனக்குக் கற்றுத்தந்த என் அப்பா தில்லைநாதனுக்கு, அவர் 1984இல் லிகிதராக இருந்த பொலிஸ் மாவட்ட அலுவலகத்தின் நினைவாக' என்று ஆங்கிலத்தில் போட்டு, அந்த ஊரின் பெயரையும் எழுதியிருக்கிறாய். யாரைக் கேட்டு எழுதினாய்? என் பழைய நியமனக் கடிதத்தை அலுமாரியில் கிளறி ஊரையும் ஆண்டையும் எடுத்திருக்கிறாய், அவ்வளவுதானே? நான் வேறு ஊரில் வேலை செய்ததாகத்தான் இந்த லண்டனில் எல்லோருக்கும் நாற்பது வருடமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த வரியை எடு. புத்தகம் அச்சுக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று நீயே சொன்னாய். எடுக்காவிட்டால் இங்கே லண்டனில் செவன் கிங்ஸ் மண்டபத்தில் நீ வைக்கப்போகும் வெளியீட்டு விழாவுக்கு நான் வரமாட்டேன். வந்தாலும் நீ நினைக்கிற மாதிரி பொன்னாடை போட்டுக்கொண்டு மேடையில் இருக்கமாட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், இடையில் எறிந்துவிடாமல் வாசி.

முதலில் உன் நான்காம் அத்தியாயம். நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஆஸ்திரேலியாவில் வெள்ளைக்காரன் ஒரு நாட்டுப்புறப் பொலிஸ் மாவட்டத்தை எப்படி நடத்தினான் என்று ஆராயப் போனாய். அந்த மாவட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த இன்ஸ்பெக்டர் பெல்ஹாம் ஓய்வுபெற்று இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த ஆவணப் பெட்டி இங்கே ஒரு சங்கத்து நூலகத்தில் இருக்கிறது, போய்ப் படமெடுத்து அனுப்புங்கோ அப்பா என்று நீ கேட்டதால் பதினொரு செவ்வாய்க்கிழமை ரயில் ஏறிப் போனேன். அவனுடைய மாதாந்த அறிக்கை ஒவ்வொன்றையும் என் கையால் புரட்டினேன். இப்போது நீ அவனை என்னவென்று எழுதியிருக்கிறாய்? குறைந்த ஆட்களை வைத்துப் பெரிய நிலப்பரப்பை ஆண்ட சிறந்த நிர்வாகி என்று. தலைமையகத்திலிருந்து எண்பது மைல் தள்ளி இருந்த கடைசி நிலையத்தில் மார்ச் முதல் நவம்பர் வரை இரண்டு கான்ஸ்டபிள்கள் கடமையில் இருந்தார்கள் என்று அட்டவணையும் போட்டிருக்கிறாய். உனக்கு டாக்டர் பட்டம் தந்தவர்களில் ஒருவருக்காவது குதிரை எண்ணத் தெரியாதா?

அதே அறிக்கையில் அடுத்த நிரலைப் பார். மார்ச்சில் குதிரை இரண்டிலிருந்து ஒன்றாகிறது, சேணம் ஒன்றாகிறது, ரோந்து போன மைல் பாதியாகிறது. ஆள் மட்டும் இரண்டு. நீ அடிக்குறிப்பில் குதிரைத் தட்டுப்பாடு என்று எழுதிவிட்டுப் போய்விட்டாய். அது குதிரைத் தட்டுப்பாடு இல்லை. ஒருவன் விட்டுவிட்டுப் போய்விட்டான், பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆள் ஒன்று என்று எழுதினால் தலைநகரத்தில் இருப்பவன் நிலையத்தை மூடிவிடுவான், மாவட்டம் சுருங்கும், இன்ஸ்பெக்டரின் பதவியும் சுருங்கும். குதிரையைக் கூட்டி எழுதமாட்டார்கள், ஏனென்றால் குதிரையை எண்ண ஆள் வரும். மனிதனை எண்ண யாரும் எண்பது மைல் வரமாட்டார்கள். அந்தத் தனிக் கான்ஸ்டபிள் துணைக்கு ஆள் கேட்டு எழுதுகிறான், உங்கள் நிலையத்தில் ஆளணி நிறைவாக உள்ளது என்று மூன்றே நாளில் பதில் போகிறது. அதை நீ விரைவான கடிதப் போக்குவரத்துக்கு உதாரணமாகக் காட்டியிருக்கிறாய். வாசித்தபோது புத்தகத்தைச் சுவரில் எறியலாம் என்று வந்தது, அம்மா பூப்போட்டதால் எறியவில்லை. டிசம்பரில் ஆள் பூச்சியம், குதிரை ஒன்று நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது. ஆள் என்ன ஆனான் என்று ஒரு சொல் இல்லை. அந்தக் குதிரையை எண்பது மைல் யார் கொண்டுவந்தது? குதிரை நிரலுக்குப் பக்கத்தில் 'தடம் பார்ப்பவன் ஒருவன்' என்று ஒன்பது மாதமும் பெயரில்லாமல் கிடக்கிறானே, அந்த மண்ணின் பழங்குடி மனிதன், அவன்தான் கொண்டுவந்திருக்க வேண்டும், வேறு யார் இருந்தார்கள்? இல்லாதவனுக்குப் பெயர் இருந்தது, இருந்தவனுக்குப் பெயர் இல்லை. நீ அவனுக்கு அரை வரி கொடுத்திருக்கிறாய். நிர்வாகக் காரணங்களுக்காக நிலையம் மூடப்பட்டது என்று முடித்தும்விட்டாய்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்கமாட்டாய், அப்பா கெட்டிக்காரன் என்று நினைப்பாய். கெட்டித்தனம் ஒன்றுமில்லை. நானும் இதையே செய்தேன். அந்த அலுவலகத்தில் கிளார்க்காக மாதாந்த ஆளணி அறிக்கை தட்டச்சு செய்வது என் வேலை. புதிதாக ஒன்றும் தட்டுவதில்லை, போன மாதத் தாளைப் பக்கத்தில் வைத்து மாதத்தின் பெயரை மட்டும் மாற்றுவோம். கடலேரி ஓரத்தில் ஒரு சிறிய காவல் நிலையம் இருந்தது, அங்கே முருகேசன், பாலேந்திரா என்று இரண்டு கான்ஸ்டபிள்கள், ஆளுக்கொரு சைக்கிள். பாலேந்திரா ஜெர்மனிக்குப் போவதற்காக முறைப்படி ராஜினாமாக் கடிதம் கொடுத்தான், தன் சைக்கிளையும் அலுவலகத்தில் கொண்டுவந்து ஒப்படைத்தான். நான்தான் வாங்கினேன். சைக்கிள் ஒன்று பெற்றுக்கொண்டேன் என்று ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மாத முடிவில் ஆள் ஒன்று என்று தட்டப் போனபோது பிரதம லிகிதர், தம்பி, ஆளணி குறைஞ்சால் மேலிடம் அந்த இடத்தை மூடிப்போடும், இரண்டெண்டே போடும், சைக்கிளை மட்டும் ஒண்டெண்டு போடும், கணக்குப் பார்க்க ஓடிற் வாறவங்கள் சைக்கிளை எண்ணுவாங்கள் என்றார். நான் இரண்டு என்று தட்டினேன். எனக்கு இருபத்தைந்து வயது, நிரந்தர நியமனம் வரவில்லை, இதெல்லாம் சாக்கு என்று எனக்குத் தெரியும். ஏழு மாதம் தட்டினேன். முருகேசன் தனியாக இருக்கிறேன், ஒருவரையாவது அனுப்புங்கள் என்று மூன்று கடிதம் எழுதினான். அனுமதிக்கப்பட்ட ஆளணி இரண்டு, தற்போதுள்ள ஆளணி இரண்டு, வெற்றிடம் இல்லை என்று மூன்றுக்கும் பதில் தட்டியது இந்தக் கைதான். ஒற்றையாளாக இருக்கிறவனுக்கே நீ இரண்டு பேர் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன் கீர்த்தனன்.

எட்டாம் மாதம் அவனைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி ஐந்து மைல். சைக்கிள் வாசலில் நின்றது, ஏற்றிக்கொண்டு போக ஆள் இல்லை. மறுநாள் மீன் விற்கப் போனவர்தான் உடலைக் கண்டார். விசாரணை வந்தது, அறிக்கையில் இரண்டு பேர் இருக்கிறார்களே, மற்றவன் எங்கே என்று கேட்டார்கள். ராஜினாமாக் கடிதம் கோப்பில் இருந்தது. பிரதம லிகிதர் கையை நீட்டினார், நான் எடுத்துக் கொடுத்தேன், அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தை யாரும் காணவில்லை. கூட இருந்தவனைச் சாகவிட்டு ஓடியவன் என்று பாலேந்திராவின் பெயரில் எழுதி மூடினார்கள். முருகேசனின் மனைவி அருள்மலர் பாலேந்திராவின் தாய் வீட்டு வாசலில் மண் அள்ளித் தூற்றினார். நான் அடுத்த வருடம் லண்டனுக்கு வந்துவிட்டேன்.

அந்தப் பாலேந்திரா யார் என்று உனக்குத் தெரியும். உன்னோடு யூனிவர்சிட்டியில் படித்த ஹம்சாவின் தகப்பன், ஜெர்மனியில் இருந்துவிட்டுப் பிறகு லண்டனுக்கு வந்தவர். செவன் கிங்ஸ் மண்டபத்தை உனக்கு ஒழுங்கு செய்துகொடுத்து, முதல் வரிசையில் உட்கார்ந்து முதல் பிரதி வாங்கப்போகிறவர். ஏன் அப்பா அந்தப் பக்கம் கலியாணம் காட்சிக்கு வரமாட்டார், ஏன் மலிவாக வீடு கிடைத்தும் அங்கே வாங்கவில்லை என்று நீயும் அம்மாவும் என்னைப் பிடிவாதக்காரன் என்றீர்கள். ஆறு வருடத்துக்கு முன் டூட்டிங்கில் ஒரு செத்த வீட்டில் அவரே என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார், அன்று சைக்கிளை வாங்கியவனின் முகம் அவருக்கு ஞாபகமில்லை. யாரோ பேச்சைத் தொடக்க, நான் கடிதமும் குடுத்து, சைக்கிளையும் குடுத்து, துண்டும் வாங்கிக்கொண்டுதான் வெளிக்கிட்டனான் அண்ணை, ஒருத்தரும் நம்பேல்லை, அம்மா சாகும்வரைக்கும் நம்பேல்லை, அந்தத் துண்டு இப்பவும் என்னட்டை இருக்கு, கையெழுத்து ஆருடையதெண்டுதான் விளங்கேல்லை என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருக்குத் தேநீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று எழும்பி வந்தேன்.

ஆகவே உன் முதல் பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பயம். ஊரும் ஆண்டும் லிகிதர் என்பதும் அச்சில் இருந்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம். அந்தப் பயத்தில்தான் மேலே அந்த வரியை எடு என்று கத்தினேன். நான்காம் அத்தியாயத்தை வாசித்த பிறகுதான் கோபம் வந்தது, அதுவும் உன்மேல் பாதிதான். பதிவேடு பொய் சொல்லாது என்று சாப்பாட்டு மேசையில் முப்பது வருடம் பெருமை பேசியவன் நான். நீ அதை நம்பி வளர்ந்தாய். பெல்ஹாமின் தாள்களைப் படமெடுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நீயாகக் கண்டுபிடிப்பாய் என்று நினைத்தேன், கண்டுபிடிக்கக் கூடாது என்றும் நினைத்தேன். வாயைத் திறக்காமல் படத்தை மட்டும் அனுப்பினேன். ஒரே பிழையை இரண்டு தடவை விட்டிருக்கிறேன்.

இன்று காலை அம்மாவுக்குச் சொன்னேன். அவர் கத்தவில்லை, அதுதான் தாங்கவில்லை. பாலேந்திராவிட்டைப் போறதெண்டால் போங்கோ, அருள்மலருக்கு ஆர் எழுதுறது என்று மட்டும் கேட்டார். அருள்மலர் வவுனியாவில் மகனோடு இருக்கிறார், அந்தக் கடிதத்தை எழுதி ஒட்டிய பிறகுதான் உனக்கு எழுதுகிறேன். வருகிற சனிக்கிழமை செவன் கிங்ஸில் பாலேந்திரா வீட்டுக்குப் போகிறேன். கதவைத் திறப்பாரோ, திறந்து அடிப்பாரோ தெரியாது, அடித்தால் வாங்கிக்கொண்டு வருகிறேன். நீ அதற்கிடையில் ஹம்சாவுக்குப் போன் அடித்துப் பூசி மெழுகக் கூடாது. சொல்லிவிட்டேன்.

உனக்கும் வேலை இருக்கிறது. பெல்ஹாமைச் சிறந்த நிர்வாகி என்று எழுதியதை வெட்டு. இரண்டு என்று போட்ட இடத்தில் எல்லாம் ஒன்று என்று போடு, குதிரையைக் கொண்டுவந்தவனுக்கு அரை வரி போதாது, தேடு, பெயர் கிடைக்காவிட்டால் பெயர் எழுதாமல் விட்டார்கள் என்றாவது எழுது. முதல் பக்கத்தில் ஊரும் ஆண்டும் இருக்கட்டும், இனி எனக்கு அதில் பயமில்லை. என் பெயரை எடுத்துவிட்டு முருகேசன் என்று போடு. அச்சகத்தான் தாமதம் என்று கத்தினால் கத்தட்டும்.

விதுஷாவுக்கும் வரப்போகிற பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். உனக்கும்தான், கோபம் இருந்தாலும் ஆசீர்வாதம் இல்லாமல் போகாது. வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு திரி. இன்னும் ஒன்று. இந்தக் கடிதத்தை எறியாதே. கீழே இருப்பது நான் பாங்குக்குப் போடுகிற கையெழுத்து இல்லை, அந்த நாளில் அலுவலகத்தில் போட்டது, ஐந்தாறு தடவை எழுதிப் பார்த்துத்தான் கைக்கு வந்தது. சனிக்கிழமை நான் அவர் வாசல் வரை போய்விட்டு ரயிலுக்கு நேரமாகிறது என்று திரும்பி வந்தால், இந்தத் தாளை ஹம்சாவிடம் கொடு. அவள் தகப்பன் வைத்திருக்கிற துண்டோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
க. தில்லைநாதன், லிகிதர்