அம்மா ஓட்டிய ஜீப்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஷெட்டைத் திறந்தேன். ஜீப்பை மூடியிருந்த தார்ப்பாயை இழுத்ததும் ஓர் எலி என் காலைத் தாண்டி ஓடியது. ஒயரையெல்லாம் கடித்துத் துப்பியிருக்கிறது. டயர்களில் வெடிப்பு, கதவுக்கடியில் துரு, ஸ்டியரிங்கில் பூஞ்சை. அம்மாவுக்குக் கண் மங்க ஆரம்பித்தபோது நிறுத்திய வண்டி.

மேட்டிலிருக்கும் எங்கள் நாற்றுப் பண்ணைக்குப் போக வேறு வண்டியும் இல்லை. மழை பெய்து மேட்டுப் பாதை சேறானால் வாடகை வேன்காரர்கள் போனையே எடுப்பதில்லை. இது நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. ஓட வைத்துவிட்டால் தினமும் போய் வரலாம்.

அக்கா போனில், “பழைய இரும்புக்குப் போட்டுத் தொலைடா” என்கிறாள்.

மார்ச் 8, ஞாயிறு

அம்மாவிடம் கேட்டேன்.

“சரி பண்ணி யாரு ஓட்டுறது? நீயா?” சிரித்தாள். “நீ ஸ்டியரிங்கப் பிடிச்சா வண்டிக்கே வாந்தி வரும்.”

பொய்யில்லை. அவள் அந்த மேட்டில் நாற்றும் எருவுமாக ஏற்றி இறக்கியவள். நான் ஆபீஸ் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய் வந்தவன். கம்பெனியை மூடியதும் அவளிடம் வந்து ஒட்டிக்கொண்டவன்.

எப்படி வாயில் வந்ததென்று தெரியவில்லை. “கண்ணு சரியானதும் நீதாம்மா ஓட்டப்போற” என்றேன்.

சிரிப்பு நின்றது. “அப்ப சரி பண்ணு.”

போன வாரம் கண் டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் என்றார். நேரே இருப்பது ஓரளவு தெரியும், பக்கவாட்டில் இருட்டு. “நீங்களே பக்குவமா சொல்லிடுங்க” என்றும் சொன்னார்.

இதுதானா பக்குவம்?

மார்ச் 19, வியாழன்

வண்டியைக் கட்டி இழுத்து மெக்கானிக்கிடம் விட்டாயிற்று. ஊரில் அவருக்குப் பெயர் ‘நாளைக்கு’. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். ஆனால் ஆள் வேலைக்காரர். டேங்கைக் கழற்றினால் அடியில் டீசல் பிசின் மாதிரி உறைந்திருந்தது. கிளட்ச் பிளேட் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. பிரேக் மொத்தமும் புதிதாகப் போட வேண்டும்.

துரு தேய்க்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். விரலில் தோல் உரிந்தது. உரியட்டும் என்றிருந்தது.

“வண்டி யாருக்கு சார், அம்மாவுக்கா?”

“இல்ல, நான்தான் ஓட்டப்போறேன்.”

பட்டறையில் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு.

ஏப்ரல் 2, வியாழன்

சொட்டு மருந்தை அம்மா ஒரு வேளைகூடத் தவறவிடுவதில்லை. அப்போதெல்லாம் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளுக்கும் என் முகம் சரியாகத் தெரியாது என்பது எனக்கு வசதியாக இருக்கிறது. சீ.

ஏப்ரல் 11, சனி

எஞ்சின் ஓடுகிறது. முன்சக்கரத்துக்கு இழுவை கொடுக்கும் லீவர் மட்டும் முரண்டு பிடித்தது. அதுவும் இன்று வழிக்கு வந்துவிட்டது. நாளை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்.

பக்கத்து வீட்டுக்காரியிடம் அம்மா, “எனக்காகத்தான் அவன் இந்தப் பாடு படுறான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று சொல்லியே தீருவதென்று அவள் அறைவரை போனேன். கட்டிலில் உட்கார்ந்து, தடவித் தடவித் தன் பழைய ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மெக்கானிக் வண்டியை முற்றத்தில் நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போனார். அம்மா கதவைத் தடவித் திறந்து ஏறி உட்கார்ந்தாள். சாவி வண்டியிலேயே இருந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். சும்மா உட்கார்ந்து பார்க்கிறாள், இறங்கிவிடுவாள் — இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஸ்டார்ட் செய்தாள். முகம் அப்படி மலர்ந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. மனமா? தைரியம்தான் வரவில்லை.

ரிவர்ஸ் விழுந்தது. அவர் பின்னால் குனிந்து டூல் பெட்டியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

கத்தினேன். அவர் பக்கவாட்டில் பாய்ந்து விழுந்தார். பெட்டி சக்கரத்தடியில் நசுங்கியது. ஒரு கை அகலம், அவ்வளவுதான். அந்த மனுஷன் செத்திருப்பாரு. நான் வாயத் தொறக்காததால ஒரு மனுஷன் செத்திருப்பாரு.

“அம்மாவுக்குக் கண்ணு தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா சார்?” முழங்கையில் ரத்தம் வழிய நின்று கேட்டார். பக்கத்து வீட்டு ஜன்னல்களிலெல்லாம் தலைகள்.

அம்மா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டாள். “டாக்டர் உங்கிட்ட என்ன சொன்னாரு?”

சொன்னேன். முற்றத்தில் நின்று, எல்லோர் காதும் கேட்க, எல்லாவற்றையும்.

“கண்ணுதானே போச்சு. காது நல்லாத்தானே இருக்கு எனக்கு? சொல்லியிருக்கலாம்ல.”

கதவைப் பிடித்து இறங்கி, தன் அறைக்குப் போய்விட்டாள். தாங்கிப் பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள்.

ஏப்ரல் 15, புதன்

பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறாள். சொட்டு மருந்தையும் நிறுத்தவில்லை.

பட்டறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். முழங்கையில் கட்டு. “என்னை விடுங்க சார். எனக்கு முழங்கைதான் போச்சு” என்றார். அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

மழை. பண்ணையிலிருந்து நாற்றுகள் இன்றே போயாக வேண்டும். வேன் வராது. ஜீப்பை நானே எடுத்தேன்.

மேட்டில் பாதியிலேயே நின்றது. திரும்ப ஸ்டார்ட் செய்தேன், திரும்ப நின்றது. பின்னால் டிராக்டர்காரர் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவரே இறங்கி வந்து, “இது உங்கம்மா வண்டியில்ல?” என்று கேட்டார். என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி, அவரே மேலே ஏற்றிக் கொடுத்தார்.

சேறும் சகதியுமாக வீட்டுக்கு வந்தேன். வாசலில் அம்மா. முதல் பேச்சு.

“எந்த கியர்ல ஏத்துன?”

“செகண்ட்.”

“முன் சக்கரத்த சேத்தியா?”

“...மறந்துட்டேன்.”

“விளங்கிடும்.”

உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 28, செவ்வாய்

காலையில் நான் வண்டியை எடுக்கப் போனால், பக்கத்து சீட்டில் அம்மா.

“மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. அங்க நாத்து வீணாப் போகுது, அதான்.”

வழியெல்லாம் வசவு. கிளட்சைக் கொல்லாதே, எஞ்சின் அழுவது காதில் விழவில்லையா, பிரேக்கில் ஏன் காலை வைத்துக்கொண்டே வருகிறாய். சொன்னபடியே ஓட்டினேன். மேடு ஏறியது.

மே 21, வியாழன்

வண்டி ஒரு நாளும் நின்று போகவில்லை. தினமும் போகிறோம், வருகிறோம். இன்று டாக்டரிடமும் இதிலேயே போனோம். அவர் பேச ஆரம்பித்ததும் நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன், அவளே கேட்டுக்கொள்ளட்டும் என்று. “உக்காரு, ரெண்டு பேரும் கேப்போம்” என்றாள். உட்கார்ந்தேன். காது மடல்வரை சூடாக இருந்தது.

ஜூன் 9, செவ்வாய்

பாதை முழுக்க சேறு. முன்சக்கரத்தையும் சேர்த்துப் போட்டு மேடு ஏறினேன், இறக்கத்தில் மெதுவாக விட்டேன். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சத்தமே இல்லை. கோபமோ என்று திரும்பிப் பார்த்தேன்.

தலையைக் கதவோரம் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தாள்.

பண்ணை வாசல் வந்ததும் எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் விழித்துவிடுவாள்.