லேபிளில் இருபத்தைந்து

விவேக் நகர்,
வியாழன் காலை

அன்புள்ள க்ளென்,

குழந்தை இயேசு உன் பக்கத்தில் இருக்கட்டும். இங்கே எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். அப்பா நலம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீ போனை எடுக்கவே இல்லை, அதனால்தான் மெயில். எத்தனை தடவ அடிப்பே, நார்வேல அவனுக்கு வேற வேலை இல்லையா, சும்மா இருடி என்கிறார் அப்பா. சொல்லிவிட்டு அவரே உன் லாஸ்ட் சீன் பார்க்கிறார்.

குளோரியா அத்தை மகளுக்குக் கோயிலில் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசித்தாயிற்று. பாதிதான் காதில் விழுந்தது. நீ அனுப்பிய பாட்டில் படம்தான் கண்ணுக்குள். அடியில் ஊசி ஊசியாக வெள்ளை. அது அழுக்கு இல்லை, உனக்கும் தெரியும். பொட்டாசியம் நைட்ரேட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்திருக்கிறாய். முப்பது டிகிரியில் நூறு மில்லி தண்ணீர் நாற்பத்தைந்து கிராம் வரை பிடித்துக்கொள்ளும். உங்கள் லேப் குளிர் அறையின் பத்து டிகிரியில் இருபத்தொன்றுதான். மீதி இறங்கிவிட்டது. மேலே இருந்த தெளிவை எடுத்து அளந்த, உன்னோடு வேலை செய்கிற தர்ஷினிக்குக் கணக்கு குறைந்தது. அவளுக்குக் கை சரியில்லை என்று உங்கள் மேடம் எல்லோர் முன்னாலும் சொன்னாராம். நீயும் அங்கேதான் நின்றாயாம். நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அவங்களே கண்டுபிடிக்கட்டும்மா என்றாய். போனை வைத்துவிட்டாய்.

பாட்டில் லேபிளில், கரைத்த சூடு 25 டிகிரி என்று எழுதியிருக்கிறாய். தெர்மாமீட்டரைப் பார்த்திருக்க மாட்டாய். எங்கள் காலேஜ் லேபில் ரெக்கார்டு நோட்டு எழுதுவதும் அப்படித்தான். ஏப்ரலில் ஆணியில் தொங்குகிற தெர்மாமீட்டரை யாரும் பார்ப்பதில்லை, நான் பெஞ்ச் பெஞ்சாக நடந்து, ரூம் டெம்பரேச்சர் இருபத்தஞ்சு, எல்லாரும் எழுதுங்கப்பா, பெல் அடிச்சிடும் என்பேன். இருபத்தாறு வருஷம். எங்கள் காலேஜிலேயே பி.யூ. படிக்கும்போது நீயும் இரண்டாவது பெஞ்சில். ஒருநாள் கையைத் தூக்கி, மிஸ், முப்பத்தொண்ணு காட்டுது என்றாய். வகுப்பே சிரித்தது. உன்னை உட்காரச் சொன்னேன்.

அதற்காக உன் தப்பை நான் வாங்கிக்கொள்ள முடியாது. தர்ஷினி வாங்கிக்கொள்ளக் கூடாது. இன்றைக்கே மேடத்திடம் போ. பாட்டிலை வெந்நீரில் வைத்துக் காட்டு, கரையும். வேலை போனால் போகட்டும் என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. போகக் கூடாதென்றுதான் ஜெபம் செய்கிறேன். ஆனாலும் போ.

வேளைக்குச் சாப்பிடு. காதை மூடிக்கொண்டு வெளியே நட. ஆண்டவர் உன் கூடவே இருப்பார். ஒன்று மட்டும் மறக்காதே, மேடத்திடம் போவதற்கு முன்னால் தர்ஷினியிடம் சொல்.

உன் அம்மா,
சோஃபியா